இரத்தத் தட்டுகளின் தாயணு



பால்மரம் வெட்டும்போது கத்தி விரலைக் கீறிவிடுகிறது. சற்று அழுத்திப் பிடித்தால் இரத்தம் நின்றுவிடுகிறது. நிறுத்தியவை எவை? இரத்தத் தட்டுகள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் அவை 150,000 முதல் 450,000 வரை உள்ளன.

இவற்றைச் சிதைந்த உயிரணுக்களின் குப்பை என்றே முன்னர்ப் பலர் எண்ணினர். இத்தாலியின் தூரின் நகரப் பேராசிரியர் ஜூலியோ பிசொசேரோ அந்த எண்ணத்தை மாற்றினார். உயிருள்ள விலங்கின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் இவை மிதந்து செல்வதையும், காயம்பட்ட இடத்தில் ஒன்றுகூடி அடைப்பதையும் 1882ஆம் ஆண்டில் அவர் விளக்கினார்.

இவை எங்கே பிறக்கின்றன? எலும்பு மச்சையில் ஒரு பேருருவ உயிரணு உண்டு. 1890இல் வில்லியம் ஹவல் அதற்கு மெகாகேரியோசைட் என்று பெயரிட்டார். 1906இல் பாஸ்டன் நகரின் ஜேம்ஸ் ஹோமர் ரைட், தாம் கலந்த சாயத்தைக் கொண்டு சோதித்தார். தட்டுகளில் தெரிந்த அதே நிறத் துகள்கள் அந்தப் பெரிய அணுவிலும் தெரிந்தன. பிள்ளையின் சாயலைக் கொண்டு தாயை அறிந்தார்.

ஆனால், மச்சையில் இத்தாயணுக்கள் ஆயிரத்துக்கு ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. ஆராய்வது எப்படி? 1994இல், இவற்றை வளரத் தூண்டும் திராம்போபொயட்டின் என்னும் இயக்குநீர் பிரித்தெடுக்கப்பட்டது. அதன்பின் ஆய்வுக்கூடக் கலங்களில் இவற்றைப் பெருமளவில் வளர்க்க முடிந்தது.

அவ்வாறு வளர்த்த அணுக்களைச் சோதித்தபோது ஒரு வியப்பு! அவை சைட்டோகைன்களையும் சுரந்தன. சைட்டோகைன் என்பது ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவுக்கு அனுப்பும் புரதச் செய்தி. இன்டர்லூகின்-6, உருமாற்ற வளர்ச்சிக் காரணியான டிஜிஎஃப்-பீட்டா ஆகியவை அவற்றுட் சில. அருகிலுள்ள மூல அணுக்கள் அளவுமீறிப் பெருகாமல் இச்செய்திகளுள் சில அடக்கிவைக்கின்றன என்பதை 2014இல் எலிகளில் நடத்திய ஆய்வுகள் காட்டின.

செய்தி அளவுக்கு மிஞ்சினால் தீங்குதான். மச்சையை நார்போல் இறுகச் செய்து, இரத்த உற்பத்தியையே குலைக்கும் நோய் ஒன்றுண்டு. அதில் இவ்வணுக்கள் மிகுதியாகச் சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டாவுக்குப் பெரும் பங்குண்டு.

தட்டுகளை ஈனுவது ஒன்றே இதன் தொழில் என்று நெடுங்காலம் பாடம் சொன்னோம். வகுப்பிலும், "இவனுக்கு இவ்வளவுதான் வரும்" என்று எத்தனை பிள்ளைகளைப் பற்றி முடிவுகட்டியிருக்கிறோம்! அருகில் வைத்துக் கவனித்த பிறகல்லவா அவர்களின் மற்றத் திறன் தெரிகிறது?