கம்பெனி வண்டி ஏறாத கணக்கு

இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொடங்குவோம். 1801ல் முக்கால் லட்சம் பேர் அளவில் இருந்த ஊர், 1851ல் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. பஞ்சாலைச் சங்கு ஊதும்போது வாசலில் நிற்க வேண்டும் என்றால் நடை தூரத்தில்தான் குடியிருக்க முடியும்.

இனி நம் பாலாறு. 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய ரயில், சில ஆண்டுகளில் ஆம்பூர், வாணியம்பாடி வழியாக மேற்கே நீண்டது. தோல் பதனிடும் ஷாப்புக்கு வேண்டிய மற்றதெல்லாம் இங்கே முன்பே இருந்தது. ஆற்று மணலைத் தோண்டினால் ஊற்று, கரம்பெல்லாம் ஆவாரை, ஒடுகத்தூருக்கு மேலே ஜவ்வாது மலையில் கடுக்காய். சுண்ணாம்புக் குழியில் மயிர் கழற்றிய தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறப்போடுவார்கள். அந்தத் தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். அதற்குத்தான் கடைசியில் கடுக்காய்த் தண்ணீர். பதமான தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் ஏலத்துக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸிலும் ஏறியது.

முதல் போட்டவர்கள் பெரும்பாலும் தமிழ் முஸ்லிம் வணிகர்கள். குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். இவர்களை மட்டும் ஊர் வரலாறுகள் ஒரே வரியில் கடந்துவிடும். ஷாப்புகளைச் சுற்றி இவர்கள் குடியேறக் குடியேற ஆம்பூர் பெருத்தது. அதுவரை மான்செஸ்டர் கதைதான்.

1970களில் கதை திரும்பியது. அரைப்பதத் தோலை அப்படியே ஏற்றுமதி செய்ய அரசு கட்டுப்பாடு போட்டது. தோலை விற்றவர்கள் ஷூவாக விற்கத் தொடங்கினார்கள். குழி வேலை ஆண்களுடையது. ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் மிஷின்களில் வந்து உட்கார்ந்தவர்கள் கிராமத்துப் பெண்கள். அவர்களுக்கு ஆம்பூரில் வீடு தேவைப்படவில்லை, கம்பெனி வண்டி போதுமாக இருந்தது.

விடிந்தும் விடியாத நேரத்தில் ஒடுகத்தூர் பக்கம் நின்றால் பார்க்கலாம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பாக்ஸ், ஈரம் காயாத தலையில் ஒரு முழம் பூ. வண்டி மாதனூர் பக்கம் திரும்பும் முன்பே பாதிப் பேர் தூங்கிப்போகிறார்கள்.

2011 கணக்கெடுப்பில் ஆம்பூர் நகராட்சிக்குக் கிடைத்தது சுமார் 1.14 லட்சம் பேர். பகலில் அந்த ஊரில் இருப்பவர்கள் அதைவிட அதிகம் என்பேன். பாலாற்றுப் படுகையின் கிணறுகளைத் தோல் கழிவு கெடுத்ததை உச்ச நீதிமன்றமே 1996 தீர்ப்பில் எழுதிய பிறகு, அங்கேயே குடியேற யாருக்குத்தான் அவசரம்? கணக்கெடுக்க வருகிறவர் ஒடுகத்தூர் வீட்டுக் கதவைத் தட்டும்போது அந்தப் பெண் வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார். பேரேட்டில் அவர் ஒடுகத்தூர்க்காரர்தான்.