தலைமன்னார் இருப்புப்பாதை
1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலமும் தலைமன்னார் இருப்புப்பாதையும் பயனுக்கு வந்தன. புகைவண்டியும் கப்பலும் இணைந்த 'போட் மெயில்' தமிழகத்தையும் இலங்கையையும் பிணைத்ததை நேயர்கள் அறிவர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது; அதன்பின் இராமேசுவரத்திலிருந்து வந்த கப்பலும் 1980களில் நின்றது. 1990இல் போரினால் புகைவண்டியும் ஓய்ந்தது. வடபகுதித் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. எஞ்சிய இரும்பை உப்புக்காற்று அரித்தது.

போருக்குப் பின், இந்தியக் கடனுதவியுடன் இர்கான் நிறுவனம் மண்மேடு முதல் பாலம் வரை பாதையைப் புதிதாக அமைத்தது. 2015 மார்ச் 14இல் மடுவீதியிலிருந்து தலைமன்னாருக்கு மீண்டும் வண்டி ஓடியது. இருப்புப்பாதை மீண்டது, அது பிறந்த காரணமாகிய கடல்வழி அன்று மீளவில்லை. துறைவரை சென்ற வண்டிக்கு எதிரே கப்பல் நிற்கவில்லை.