பெட்டாமேக்ஸ் வழக்கின் இன்னொரு தீர்ப்பு

அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகளில் 464ஆவது தொகுதி. அதன் 417ஆம் பக்கத்தில் சோனி நிறுவனத்துக்கும் யுனிவர்சல் சிட்டி ஸ்டுடியோஸுக்கும் இடையிலான வழக்கின் தீர்ப்பு தொடங்குகிறது. ஐந்து நீதிபதிகளின் பெரும்பான்மைத் தீர்ப்பு 456ஆம் பக்கத்தில் முடிகிறது. அடுத்த பக்கத்தில் தொடங்கும் நான்கு நீதிபதிகளின் மாறுபட்ட தீர்ப்பு 500ஆம் பக்கம் வரை போகிறது. வென்றவர்கள் எழுதியதைவிடத் தோற்றவர்கள் எழுதியது நீளம்.

என் தேடல் இந்தப் பக்க எண்களில்தான் தொடங்கியது. மாறுபட்ட தீர்ப்பு எழுதுபவர் பொதுவாகப் பெரும்பான்மையின் வாதத்தை எடுத்துக்கொண்டு அதை மறுப்பார். நீதிபதி ஹாரி பிளாக்மன் எழுதிய இந்தத் தீர்ப்போ வழக்கின் கதை, பதிப்புரிமைச் சட்டத்தின் வரலாறு, கீழ் நீதிமன்றங்களின் முடிவுகள் என்று எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்கி விவரிக்கிறது. வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பி எதையெல்லாம் ஆராயச் சொல்ல வேண்டும் என்பது வரை பேசுகிறது. நீதிமன்றத்தின் குரலாகப் பேச அமர்ந்தவர் எழுதியதைப் போன்ற கட்டுமானம் அது.

இரண்டாவது துப்பு தீர்ப்பின் தலைப்பிலேயே இருந்தது. வாதம் 1983 ஜனவரி 18. மறுவாதம் 1983 அக்டோபர் 3. தீர்ப்பு 1984 ஜனவரி 17. ஒரே வழக்கை ஏன் இரண்டு முறை கேட்டார்கள்? அச்சிட்ட தீர்ப்பில் அதற்குக் காரணம் சொல்லப்படவில்லை.

வழக்கின் வேர் 1976இல் இருக்கிறது. சோனியின் பெட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டர் அமெரிக்கச் சந்தைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. 'கோஜாக்', 'கொலம்போ' என்ற இரண்டு துப்பறியும் தொடர்களில் ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றதைப் பதிந்துகொள்ளலாம் என்ற பொருளில் ஒரு விளம்பரம் தயாரானது. இரண்டுமே யுனிவர்சலின் தொடர்கள். விளம்பர வாசகம் யுனிவர்சலின் தலைவர் சிட்னி ஷைன்பெர்கின் கண்ணில் பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் யுனிவர்சலும் டிஸ்னியும் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தன. வீட்டில் டி.வி. நிகழ்ச்சியைப் பதிவது பதிப்புரிமை மீறல், அதற்கான கருவியை விற்கும் சோனி அந்த மீறலுக்குத் துணைபோகிறது என்பது அவர்கள் வாதம். வீட்டில் பதிவு செய்த ஒரு சாதாரணப் பார்வையாளரும் பிரதிவாதியாகச் சேர்க்கப்பட்டார். அவரிடம் இழப்பீடு எதுவும் கேட்கவில்லை.

1979இல் மாவட்ட நீதிபதி வாரன் ஃபெர்குசன் சோனியின் பக்கம் தீர்ப்பளித்தார். 1981இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. அப்போது வீட்டுக்கு வீடு வீடியோ டெக் புகுந்துகொண்டிருந்தது. 1982இல் திரைப்பட நிறுவனங்களின் சங்கத் தலைவர் ஜாக் வாலென்டி நாடாளுமன்றக் குழுவின் முன், வி.சி.ஆரைப் பாஸ்டன் நகரப் பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்ற கொலைகாரனுக்கு ஒப்பிட்டுப் பேசினார். அத்தனை பதற்றத்துக்கு நடுவில்தான் வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

இனி அச்சிட்ட பக்கங்களால் பயனில்லை. நீதிபதிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட தாள்கள் வேண்டும். அமெரிக்காவில் அவை நீதிபதிகளின் சொந்த உடைமை. யாரிடம் கொடுப்பது, எப்போது திறப்பது என்பதை அவர்களே முடிவு செய்யலாம், எரித்துவிடவும் செய்யலாம். மாறுபட்ட தீர்ப்பில் சேர்ந்த லூயிஸ் பவல் தன் கோப்புகளை வர்ஜீனியாவில் உள்ள வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அவரது வழக்குக் கோப்புகளை இன்று இணையத்தில் எவரும் படிக்கலாம். தர்குட் மார்ஷல் 1993 ஜனவரியில் இறந்த சில மாதங்களிலேயே காங்கிரஸ் நூலகம் அவர் தாள்களை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் கடுமையாக ஆட்சேபித்தும் நூலகம் பின்வாங்கவில்லை. பிளாக்மன் தன் தாள்களை, தான் இறந்து ஐந்தாண்டு கழித்துத் திறக்கச் சொல்லியிருந்தார். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட அந்தப் பெட்டிகள் 2004 மார்ச்சில் திறந்தன. சட்டப் பேராசிரியர் ஜெசிகா லிட்மன் முதலானோர் எனக்கு முன்பே இந்தத் தடத்தில் நடந்தவர்கள். அவர்கள் எழுதியதைத் துணைக்கு வைத்துக்கொண்டு தேதி வரிசையில் கடிதங்களையும் வரைவுகளையும் தொடர்ந்தால், அச்சு மறைத்த கதை துலங்குகிறது.

1983 ஜனவரியில், முதல் வாதம் முடிந்து நீதிபதிகள் தனியே கூடிப் பேசியபோது தோற்றது சோனி. மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முடிவே சரி என்ற பக்கம்தான் பெரும்பான்மை சாய்ந்திருந்தது. நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதும் பொறுப்பு பிளாக்மனுக்கு வந்தது. ஜான் பால் ஸ்டீவன்ஸ் எதிரணியில் இருந்தார். கூட்டம் முடிந்த கையோடு அவர் பிளாக்மனுக்கு ஒரு கடிதம் எழுதி, பிரதிகளை மற்ற நீதிபதிகளுக்கும் அனுப்பினார். சொந்தப் பயனுக்காக வீட்டில் ஒரே ஒரு பிரதி எடுப்பவரைக் குற்றவாளியாக்க நாடாளுமன்றம் ஒருபோதும் நினைத்ததில்லை என்பது அதன் சாரம்.

ஜூனில் பிளாக்மனின் வரைவு சுற்றுக்கு வந்தது. ஸ்டீவன்ஸின் எதிர்க் குறிப்பும் வந்தது. முடிவு சான்ட்ரா டே ஓ'கானரின் கையில் நின்றது. அவர் பிளாக்மனின் பக்கம்தான் இருந்தார், ஆனால் ஒரு கேள்வி அவரை விடவில்லை. பதிவு செய்வதால் ஸ்டுடியோக்களுக்கு என்ன நட்டம்? நட்டம் உண்டென்று அவர்கள் நிரூபிக்க வேண்டுமா, இல்லையென்று சோனி நிரூபிக்க வேண்டுமா? மாவட்ட நீதிமன்றத்தில் நட்டம் நிரூபிக்கப்படவில்லை என்று ஃபெர்குசன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வழக்குத் தொடுத்தவரே நிரூபிக்க வேண்டும் என்று ஓ'கானர் திருத்தம் கேட்டார். பிளாக்மன் கொஞ்சம் இறங்கிவந்தார், அதற்கு மேல் முடியாது என்று நின்றுவிட்டார். அந்த இடத்தில் பெரும்பான்மை கலைந்தது.

மறுபுறம் வில்லியம் பிரென்னனும் பைரன் வைட்டும் ஸ்டீவன்ஸை வேறு பாதைக்குத் திருப்பினார்கள். வீட்டுப் பிரதிக்குச் சட்டத்தில் தனி விலக்கு தேட வேண்டாம். ஒளிபரப்பாகும்போது பதிந்துவைத்துப் பிறகு பார்ப்பதை, பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கும் 'நியாயமான பயன்பாடு' என்று ஏற்றுக்கொண்டாலே போதும். நீதிமன்றத்தின் அந்த ஆண்டு அமர்வு முடிவதற்குள் எந்த அணிக்கும் ஐந்து கைகள் சேரவில்லை. ஜூலையில் மறுவாதத்துக்கு உத்தரவானது. தலைப்பில் இருந்த மூன்று தேதிகளுக்கான விடை இதுதான். அக்டோபரில் மீண்டும் கேட்டபோது எழுதும் பொறுப்பு ஸ்டீவன்ஸுக்கு மாறியது. பிளாக்மனின் ஜூன் வரைவு மாறுபட்ட தீர்ப்பாக மறுவடிவம் பெற்றது. நாற்பத்து நான்கு பக்கங்கள் நீதிமன்றத்தின் குரலில் பேசுவதன் காரணமும் அதுவே.

இதையெல்லாம் அறிந்தபின் அச்சிட்ட தீர்ப்பைத் திரும்பப் படித்தேன். வரிகளுக்குப் பின்னால் நிற்பவர்கள் அடையாளம் தெரிந்தார்கள். 451ஆம் பக்கத்தில், வணிக நோக்கமற்ற பயன்பாட்டை எதிர்ப்பவர் எதிர்கால நட்டத்துக்கான வாய்ப்பையாவது ஆதாரத்தோடு காட்ட வேண்டும் என்று வருகிறது. எழுத்து ஸ்டீவன்ஸுடையது, கேட்டு வாங்கியது ஓ'கானர். ஸ்டீவன்ஸ் முதலில் முன்வைத்த வீட்டுப் பிரதி விலக்கு தீர்ப்பின் ஆதாரமாக இல்லை. அந்த இடத்தை நியாயமான பயன்பாடு பிடித்துக்கொண்டது. கணிசமான சட்டபூர்வப் பயன் ஒன்று இருக்க முடிந்தாலே கருவியை விற்பவர் மீது பழியில்லை என்ற விதி, காப்புரிமைச் சட்டத்திலிருந்து இரவல் வாங்கியது. அப்படியொரு பயன் உண்டென்பதற்குச் சாட்சியாக விளையாட்டு அமைப்புகளின் பிரதிநிதிகளும், குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃப்ரெட் ராஜர்ஸும் தங்கள் நிகழ்ச்சிகளை மக்கள் பதிவதில் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று சொன்னது தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது.

பெட்டாமேக்ஸ் சந்தையில் போட்டி டேப் வகையான வி.எச்.எஸ்ஸிடம் தோற்றது. 1988இல் சோனியே வி.எச்.எஸ். டெக் தயாரிக்கத் தொடங்கியது. 2002இல் பெட்டாமேக்ஸ் கருவியையும் 2016இல் அதன் கேசட்டையும் நிறுத்தியது. வழக்கில் பிறந்த விதி மட்டும் நிலைத்தது. பிரதியெடுக்கும் எந்தப் புதுக் கருவி அமெரிக்க நீதிமன்றத்துக்கு வந்தாலும் வாதம் இந்தத் தீர்ப்பைத் தொட்டே போகிறது. 2005இல் கோப்புப் பகிர்வு மென்பொருளான குரோக்ஸ்டர் வழக்கிலும், வென்றது யுனிவர்சல் உள்ளிட்ட ஸ்டுடியோக்களின் தரப்பாக இருந்தும், நீதிமன்றம் பெட்டாமேக்ஸ் விதியைக் கைவிடவில்லை.

வீட்டு ரெக்கார்டரின் வரலாற்றைப் பொதுவாகக் கருவிகளின் போட்டியாகவே எழுதுகிறோம். எந்த டேப் நீளம், எந்தப் படம் தெளிவு, எது மலிவு என்று. அந்தப் போட்டி நடப்பதற்கே அனுமதி கிடைத்தது, நட்டத்தை யார் நிரூபிப்பது என்ற ஒரு கேள்வியில் ஒரு நீதிபதி விட்டுக்கொடுக்காததால். அச்சிட்ட தீர்ப்பு முடிவைச் சொல்கிறது, அந்த முடிவு எவ்வளவு நூலிழையில் தொங்கியது என்பதைச் சொல்வதில்லை. கோடிக்கணக்கான வீடுகளைத் தொட்ட ஒரு சட்டம் எப்படி உருவானது என்பதை மக்கள் அறிய, அதை எழுதியவர்களின் வரைவுகளும் கடிதங்களும் அழியாமல் இருக்க வேண்டும், உரிய காலத்தில் திறக்கவும் வேண்டும். தன் பக்கம் தோற்ற கதையையும் சேர்த்தே பாதுகாத்துக் கொடுத்த பிளாக்மன் அந்தக் கடமையைச் செய்தார். ஒவ்வொரு நாட்டின் நீதிபதிகளிடமும் வரலாறு கேட்க வேண்டியது இதைத்தான்.