உரைமருந்தின் வழித்தடம்: கொல்லிமலை மலையாளிப் பழங்குடியினரின் குழந்தை மருத்துவ மரபும் பண்பாடும்

முன்னுரை

நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் மருத்துவ அறிவு குறித்து இனத்தாவரவியல் ஆய்வுகள் பல வெளிவந்துள்ளன. அவை பெரும்பாலும் தாவரப் பெயர், பயன்படும் உறுப்பு, தீரும் நோய் எனப் பட்டியலிடுகின்றன. பெற்றோர் ஒரு மருந்தைக் குழந்தைக்குத் தேர்வதன் பண்பாட்டுக் காரணமும், அம்மருந்து மலையேறிய வரலாறும் அப்பட்டியல்களுள் அடங்குவதில்லை. உரைமருந்தை முன்னிறுத்தி, இம்மரபு தனித்தொதுங்கிய மலைச் சமூகத்தின் எச்சம் அன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

மலையும் சமவெளியும்

இங்கு மலையாளி என்பது கேரளத்தாரைக் குறிப்பதன்று. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மலைவாழ் மக்களைக் குறிப்பதாகும். இவர்களின் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் என்றும், அவர்கள் சேர்வராயன்மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் குடியேறினர் என்றும் வாய்மொழி வரலாறு கூறுகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுதிகளில் இப்புலப்பெயர்வுக் கதை பதிவாகியுள்ளது. அது வரலாற்று உண்மையா என்பது வேறு வினா. தம் தோற்றத்தையே சமவெளியோடு இணைத்துக் காணும் சமூகத்தின் மருத்துவத்தை மலைக்குள் மட்டும் தேடுவது பொருந்தாது என்பதே இங்குக் கருதத்தக்கது.

நோய்ப்பெயரும் மருந்துத் தேர்வும்

தமிழ் மரபில் குழந்தை நோய்கள் மாந்தம், கணம், தோஷம் எனப் பெயர் பெறுகின்றன. சித்த மருத்துவத்தின் பாலவாகட நூல்களும் இப்பெயர்களையே ஆள்கின்றன. செரியாமை மாந்தம் எனப்பட்டால் மருந்து உரைகல்லுக்குச் செல்கிறது. நோய் தோஷம் எனப்பட்டால் வேர்கட்டுதலும் மந்திரித்தலும் முன்னிற்கின்றன. எனவே மருந்தைத் தீர்மானிப்பது நோய்க்குறியைவிட நோய்க்கு இடப்படும் பெயரே எனலாம். அப்பெயரை இடும் உரிமை பெரும்பாலும் வீட்டு முதுபெண்டிரிடம் உள்ளது. வசம்பின் பெயரை இரவில் உச்சரிக்காமல் ‘பேர் சொல்லா மருந்து’ என்பதும், ‘பிள்ளை வளர்ப்பான்’ என்பதும் மருந்தைக் காவற்பொருளாகக் கருதும் மனநிலையைக் காட்டும்.

உரைகல்லில் கூடும் நிலங்கள்

வசம்பு, கடுக்காய், சுக்கு, ஜாதிக்காய், மாசிக்காய் ஆகியவற்றைத் தாய்ப்பாலிலோ நீரிலோ இழைத்து ஊட்டுவது உரைமருந்தாகும். இவற்றுள் கடுக்காய் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு உரியது. வசம்பு ஈரநிலப் பயிர். ஜாதிக்காயின் தாயகமோ இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். மாசிக்காய் மேற்காசியக் கருவாலி மரங்களில் பூச்சிகளால் உண்டாகும் புடைப்பு. ஆகவே, ‘நாட்டு மருந்து’ என வழங்கும் இக்கலவை கடல்வணிகம், சந்தை, காடு மூன்றும் சந்தித்ததன் விளைவாகும்.

அளவும் பாதுகாப்பும்

உரைமருந்தின் அளவு, கல்லில் இழைக்கும் சுற்றுகளின் எண்ணிக்கையே. அது கைப்பழக்கத்தால் அமைவதால் ஆளுக்கு ஆள் மாறும். வசம்பிலுள்ள பீட்டா அசரோன் எலிகளில் புற்றுநோய் விளைவித்ததால், அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. தமிழ் வீடுகளில் வசம்பைச் சுட்டு இழைக்கும் வழக்கம் உண்டு. ஆயினும் சுடுவது மட்டுமே பாதுகாப்புக்குச் சான்றாகாது. தமிழக அரசின் அம்மா மகப்பேறு சஞ்சீவித் திட்டத்தின் 11 சித்த மருந்துகளுள் உரைமாத்திரையும் இடம்பெற்றது. வீட்டு வழக்கம் வரையறுத்த அளவுள்ள மாத்திரையாக மாறியமைக்கு இது சான்றாகும்.

முடிவுரை

கொல்லிமலைப் பெற்றோரின் மருந்துத் தேர்வை அறியாமை என ஒதுக்குவதும், கலப்பற்ற தொல்லறிவு எனப் போற்றுவதும் அதன் வரலாற்றை மறைக்கின்றன. காலந்தோறும் புதுப்பொருளை ஏற்று வளர்ந்த மரபு, அளவு குறித்த புதிய அறிவையும் ஏற்கவல்லது. அதற்கு மருத்துவப் பணியாளர் மாந்தம், தோஷம் என்னும் சொற்களை நகையாது கேட்டறிதல் வேண்டும். அச்சொற்களின் வழியாகவே தாய் தன் குழந்தையின் நோயைக் கூறுகிறாள்.