இரு மொழிகளுக்கு நடுவே ஓர் ஆசிரியர்

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது பாகூர். அங்குள்ள ஏரியைப் பலரும் அறிவர். அவ்வூரின் கல்வி வரலாறு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழைமையானது என்பதைச் சிலரே அறிவர்.

9ஆம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட செப்பேடுகள் பாகூரில் கிடைத்தன. வாகூர் என்று அவை குறிப்பிடும் இவ்வூரில் அன்று ஒரு வித்தியாஸ்தானம், அதாவது உயர்கல்வி நிலையம், இருந்தது. கற்பித்தல் தடையின்றி நடைபெற மூன்று ஊர்களின் வருவாய் அதற்கு வழங்கப்பட்டது. கற்பிப்பவருக்குச் சோறு இருந்தால்தான் கல்வி நிலைக்கும் என்பதை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இச்செப்பேடுகளில் நாம் கருத வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. அரச மரபின் புகழ் வடமொழியில் எழுதப்பட்டது. நிலத்தின் எல்லைகளோ தமிழில் எழுதப்பட்டன. உழவனுக்கு விளங்க வேண்டியது உழவனின் மொழியில் இருந்தது. கற்றோர் மொழி ஒன்று, வயல்வெளி மொழி மற்றொன்று என்ற நிலை இவ்வட்டாரத்தில் பின்னரும் தொடர்ந்தது.

பிரெஞ்சு ஆட்சியில்

பிரெஞ்சு ஆட்சியின்போது மேற்படிப்புக்கும் அரசாங்க அலுவலுக்கும் பிரெஞ்சு மொழி தேவைப்பட்டது. சிற்றூர்ப் பிள்ளைகளின் வீட்டு மொழி தமிழ். இவ்விரண்டுக்கும் நடுவே நின்றவர் ஆசிரியரே. 1909இல் காரைக்காலை அடுத்த நிரவியில் தமிழாசிரியராகச் சேர்ந்த பாரதிதாசன் 1946இல் ஓய்வு பெற்றார். அவரிடம் தமிழ் பயின்றவர்களுள் ஒருவர், பாகூரை அடுத்த சேலியமேட்டில் 1915இல் பிறந்த வாணிதாசன். அவரும் பள்ளி ஆசிரியரானார். பிரெஞ்சும் நன்கு அறிந்திருந்தார். இருவரையும் நாடு கவிஞர்களாகப் போற்றுகிறது. அவர்களின் அன்றாடப் பணி வகுப்பறையில் இருந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

கீழூருக்குப் பின்

1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். இந்தியாவுடன் இணைய வேண்டும் என்றோர் 170 பேர். எதிர்த்தோர் 8 பேர். நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல் நிறைவுற்றது.

பள்ளியிலும் மாற்றம் வந்தது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. மாகி கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றின. ஒரே அரசின் கீழ் மூன்று வகைப் பாடநூல்கள்! நெடுங்காலம் வெளிநாட்டு முறையில் நடந்த பள்ளிகள் புதிய தேர்வுக்கும் புதிய பாடநூலுக்கும் மாறின. மாற்றத்துக்கான ஆணை தலைநகரில் பிறக்கிறது. அதை நாள்தோறும் நடத்திக் காட்ட வேண்டியவர் கரும்பலகைக்கு முன் நிற்பவர்.

இன்றைய மாற்றம்

2023-24ஆம் கல்வியாண்டில் புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் உயர் வகுப்புகளும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. அறிவியல் நூல்கள் ஆங்கிலத்தில் வந்தன. நாடு முழுவதும் நடக்கும் நுழைவுத் தேர்வுகளுக்கு இது உதவும் என்பது ஒரு வாதம். அதில் பொருள் உண்டு. ஆயினும் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். சூத்திரத்தைப் பிழையின்றி எழுதும் மாணவர் சிலரிடம், அதன் பொருளைச் சொந்தச் சொற்களில் கூறுமாறு கேட்டால் மௌனமே விடையாகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஏரி நிரம்பியிருக்கும்போது மதகில் நீர் சீறிப் பாயும். நீர்மட்டம் குறையக் குறைய வேகமும் தணியும். இது பாகூர்ப் பிள்ளைகள் கண்ணால் கண்டது. ஆழம் கூடினால் நீரின் அழுத்தம் கூடும் என்பதே இதற்குக் காரணம். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி இதை ஒரு விதியாக வகுத்தார். மதகுக்கு மேல் நிற்கும் நீரின் உயரம் நான்கு மடங்கானால் பாயும் வேகம் இரு மடங்காகும். உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், 2 மீட்டர் உயர நீருக்கு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 6.3 மீட்டர். மதகில் தொடங்கி விதிக்குச் செல்லும் ஆசிரியரிடம் பயின்ற மாணவன், அந்த விதியைப் பின்னர் எந்த மொழியில் படித்தாலும் அடையாளம் கண்டுகொள்வான். விதியை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு ஏரி வேறு, இயற்பியல் வேறு.

இப்பாலத்தைக் கட்ட ஆசிரியருக்குக் காலம் வேண்டும், பயிற்சி வேண்டும், இரு மொழியிலும் கலைச்சொற்கள் கைவசம் வேண்டும். பாடநூலை மாற்றுவதற்கு ஓர் ஆண்டு போதும். ஆசிரியர் அதைத் தமதாக்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆகும். ஆணை பிறப்பிப்போர் இவ்விரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிடக் கூடாது.

மூன்று ஊர்களின் வருவாயை ஒரு கல்வி நிலையத்துக்கு எழுதி வைத்தது பழைய பாகூர். ஒவ்வொரு பாடத்திட்ட மாற்றத்தின்போதும், ஆசிரியருக்காக நாம் எதை ஒதுக்கி வைத்தோம் என்று கேட்பது நம் கடமையாகும்.