முக்காடு காலமானது

கத்தோலிக்கப் பூசையில் பெண்ணின் தலைமேல் துணி கிடந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இறந்துபோய் நாளாகிவிட்டது. அதற்குத் துக்க மணி அடிக்கவில்லை, யாரும் திதி கொடுக்கவில்லை. பெங்களூர் அல்சூர் லூர்து மாதா கோவிலில் நற்கருணை வாங்கப் போகும் மூத்த பெண்கள் சிலர் இன்றும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். அது கைப்பழக்கம், கட்டளை அல்ல. கட்டளை உயிரோடிருப்பது பல பெந்தெகொஸ்தே சபைகளில்தான்.

அந்தக் கட்டளை பிறந்த ஊர் கொரிந்து. காலம் ஏறக்குறைய கி.பி. 54. அங்கிருந்த சிறு சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தில் முக்காட்டுக்குக் காரணங்கள் அடுக்கப்படுகின்றன: படைப்பின் வரிசை, இயற்கை, சபைகளின் வழக்கம், போதாததற்கு வானதூதர்கள். மனிதப் பெண்களின் அழகில் மயங்கி இறங்கிவந்த விண்ணவர் கதை தொடக்கநூலின் 6ஆம் அதிகாரத்தில் உண்டு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜ் நகரத்துக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அதையே சான்றாக்கி, மணமாகாத பெண்களும் தலையை மூட வேண்டும் என்று வாதாடினார். மயங்கியவர் விண்ணவர், மூடிக்கொள்ள வேண்டியவள் பெண்.

ஆனால் அந்த 11ஆம் அதிகாரம் பெண்ணின் வாயை அடைக்கவில்லை. சபை நடுவே அவள் வேண்டுவாள், இறைவாக்கு உரைப்பாள் என்பதைப் பவுல் இயல்பாகவே எடுத்துக்கொள்கிறார். அப்போது தலையை மூடிக்கொள் என்கிறார், அவ்வளவுதான். 7ஆம் அதிகாரத்தில், மனைவியின் உடல்மேல் கணவனுக்கு உள்ள உரிமை கணவனின் உடல்மேல் மனைவிக்கும் உண்டு என்கிறார். அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான பேச்சு. பெண்கள் சபையில் பேசக்கூடாது என்ற வரிகள் வருவது 14ஆம் அதிகாரத்தில். சில பழைய கையெழுத்துப் படிகளில் அவை இடம் மாறிக் கிடப்பதால், அவை பவுலுடையவைதானா என்றே அறிஞர் பலர் ஐயப்படுகிறார்கள். பின்வந்தவர்கள் பேச்சுரிமையை மறந்தார்கள், மௌனத்தையும் துணியையும் மட்டும் பத்திரப்படுத்தினார்கள்.

முக்காடு அல்சூருக்கும் வந்து சேர்ந்தது. 1809இல் பெங்களூர் தண்டு என்ற படைக்குடியிருப்பு உருவானபின், சென்னைப் படையை ஒட்டி வந்த தமிழ்க் குடும்பங்கள் அல்சூரிலும் சுற்றிலும் வேரூன்றின. சேலை கட்டியவர்களுக்கு முக்காடு தனிச்செலவு வைக்கவில்லை, முந்தானை போதும். கவுன் போட்டவர்களுக்கு லேஸ் துணி. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1262ஆம் விதி முக்காட்டை எழுத்தில் பூட்டியது; ஆண்களும் பெண்களும் பிரிந்து உட்காருவதே விரும்பத்தக்கது என்றும் சொன்னது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் பிடி தளர்ந்தது. 1976 அக்டோபர் தேதியிட்ட ஓர் உரோமை ஆவணம் முக்காட்டைச் சிறிய வழக்கம் என்று ஒதுக்கியது. 1983ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. 1976 ஆவணம் பெண்களுக்கு விடுதலை தர எழுதப்பட்டது என்று நினைத்துவிடக்கூடாது. பெண்கள் குருவாக முடியாது என்று சொல்லவே எழுதப்பட்டது. பவுலின் முக்காட்டை விட்டுவிட்டீர்களே, பெண்களுக்கு அவர் விதித்த மற்றத் தடையை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்ற கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. பீடத்தைக் காப்பாற்ற முக்காட்டைக் கைகழுவினார்கள். அதே ஆண்டில் கத்தோலிக்கம் சாராத தென்னிந்தியத் திருச்சபை ஒரு பெண்ணைக் குருவாக்கியது. 2013இல் அதன் நந்தியால் மறைமாவட்டத்துக்குப் புஷ்பலலிதா பேராயரானார். அல்சூரை அடுத்த டிரினிட்டி சர்க்கிளுக்குப் பெயர் தந்த 1851ஆம் ஆண்டுக் கோவில் அந்தத் திருச்சபையைச் சேர்ந்ததுதான்.

மறைந்த முக்காட்டுக்காக நான் அழப்போவதில்லை. ஆனால் அது விட்டுப்போன சொத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கத்தோலிக்கப் பெண்கள் இன்று திறந்த தலையோடு வாசகம் வாசிக்கிறார்கள். 2021இல் அந்தப் பணி முறைப்படியும் அவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. வாசித்ததை விளக்கும் பூசை மறையுரை மட்டும் இன்னும் குருவுக்கும் திருத்தொண்டருக்குமே உரியது. கொரிந்துப் பெண்ணுக்குத் தலையில் துணி இருந்தது, சொந்தமாகச் சொல்ல வாக்கும் இருந்தது. அல்சூர்ப் பெண்ணின் தலையிலிருந்து துணி இறங்கிவிட்டது. வாக்குக்கான வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.