தேறின சபை எது?

செங்கல்பட்டு ஜில்லாவின் சேரிகளுக்குள் சுவிசேஷம் வந்த காலத்திலிருந்து ஒரு சந்தேகமும் அதன் கூடவே வந்திருக்கிறது. இவர்கள் கர்த்தரைத் தேடி வந்தார்களா, கஞ்சியைத் தேடி வந்தார்களா? முதலில் அப்படிக் கேட்டவர்கள் ஞானஸ்நானம் கொடுக்க வந்த மிஷனரிகளே. பிறகு மிராசுதார்கள் கேட்டார்கள்; பட்டணத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பங்கள் கேட்டன. நான் வாலாஜாபாத்தில் பள்ளிக்கூடம் போன காலத்தில் 'பால்பவுடர் கிறிஸ்தவங்க' என்ற கேலியாக அது வகுப்புக்குள்ளேயே இருந்தது. இன்று ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லித்தரும் நான், ஆவிக்குரிய முதிர்ச்சி என்ற பாடம் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியைத்தான் முதலில் பிள்ளைகள் முன் வைக்கிறேன். எங்கள் முன்னோர் தேறினவர்களா என்று சோதித்தவர்கள் பலர். அந்தச் சோதனையே சரிதானா என்று அன்று அதிகம் பேர் கேட்கவில்லை.

வாலாஜாபாத், ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரால் வழங்கும் ஊர். கும்பினிக் காலத்தில் இங்கே பட்டாளம் தங்கியிருந்தது. பட்டாளம் போன பிறகும் பாலாற்றங்கரை நெல்வயல்களும் அவற்றை ஆண்ட மிராசு முறையும் அப்படியே இருந்தன. வயல் மட்டுமல்ல, பல ஊர்களில் சேரி நின்ற மனையும் மிராசுதார் பிடியில்தான் இருந்தது. படியாள் நெல்லாகக் கூலி வாங்கினான். கல்யாணத்துக்கு வாங்கிய கடன் தீராமல் மகனும் அதே பண்ணையில் போய் நின்றான். தரிசு நிலம் கேட்டு அவன் தர்க்காஸ்து போட்டாலும் மிராசுதாரின் உரிமைதான் முன்னால் வந்து நின்றது. 'மனையைக் காலி பண்ணு' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் குடும்பமே தெருவுக்கு வந்துவிடும்.

1880களின் இறுதியில் ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச் மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டிலும், வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி திருவள்ளூருக்கு அருகே ஈக்காட்டிலும் ஊழியம் செய்துகொண்டிருந்தார்கள். சேரி ஜனங்கள் தனித்தனி ஆளாக வரவில்லை. கூட்டமாகக் கலந்து பேசி, தெருவே சேர்ந்து வந்தது. உபதேசியார் வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், கச்சேரியில் எங்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். சபையில் சேர்ந்தவர்களின் மனைக்கும் வேலைக்கும் ஆபத்து வருவதை அந்த இரண்டு பேரும் கண்ணால் பார்த்தார்கள். சர்க்காருக்கும் பத்திரிகைகளுக்கும் எழுதினார்கள். 1891-ல் ஜில்லா கலெக்டர் ட்ரெமென்ஹீர் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30-ல் சென்னை ராஜதானியின் வருவாய்த் துறை 1010, 1010-ஏ எண்ணுள்ள ஆணைகளைப் போட்டது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லும் நிலங்களை ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைக்கும் முறைக்கு அவையே தொடக்கம். ஆண்ட்ரூ தன் பங்குக்கு ஆந்திரேயபுரம், மெல்ரோசாபுரம் என்று குடியிருப்புகளையே உண்டாக்கினார்.

இத்தனை செய்தவர்களின் எழுத்துகளிலும் அந்தச் சந்தேகம் ஓடிக்கொண்டே இருந்தது. வரலாற்றாசிரியர் ரூபா விஸ்வநாத் 2014-ல் வெளியிட்ட நூலில் இதை ஆழமாக ஆராய்ந்திருக்கிறார். நிலம் வேண்டும் என்பது சரீரத்தின் ஆசை, இரட்சிப்பு வேண்டும் என்பது ஆத்துமாவின் தாகம் என்று இரண்டாகப் பிரித்து, முன்னதோடு வந்தவனின் விசுவாசத்தை மிஷனரிகள் குறைவாக மதித்தார்கள். அன்றன்றைக்குள்ள அப்பத்தைக் கேட்டு ஜெபிக்கச் சொன்னவர் நம் ஆண்டவர்தான். குடியிருக்கும் மனை போகலாம், நாளைய கூலி போகலாம் என்று தெரிந்தும் உபதேசியாரின் திண்ணைக்கு நடந்து வந்தவனிடம் எந்தப் பக்குவம் குறைந்துபோயிற்று? அந்த நடைக்குப் பெயர் விசுவாசம். எபிரேயருக்கு எழுதின நிருபம் அதே வகை மனிதர்களைத்தான் வரிசையாக நிறுத்திப் பேசுகிறது.

எங்கள் முன்னோர் எப்படி வளர்ந்தார்கள் என்பதை நான் ஒரு கலயத்தில் பார்த்தேன். என் பாட்டி வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் கழுத்து குறுகிய மண்கலயம் ஒன்று இருக்கும். உலை கொதிக்கும்போது படியில் அரிசி அளந்து முறத்தில் கொட்டிப் புடைப்பாள். கல் பொறுக்கியதும், களைவதற்கு முன்னால், ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போடுவாள். அளவு குறைந்த நாளில் பிடியும் சிறுத்தது. பிடி போடாத நாள் இல்லை. சனிக்கிழமை ராத்திரி கலயத்தைத் துணியில் கவிழ்த்து முடிந்து வைப்பாள். ஞாயிறு ஆராதனையில் பெண்கள் வரிசையாக வந்து மூங்கில் கூடையில் கொட்டுவார்கள். புழுங்கல், பச்சை, சிவப்பு, ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். கலப்பு அரிசியைக் கடைக்காரர் எடுக்கமாட்டார் என்பதால் சபைக்குள்ளேயே ஏலம் போடுவார்கள். அந்தக் காசு உபதேசியார் சம்பளத்துக்குப் போகும். அடுத்தவர் களத்தில் கூலி வாங்கிய பெண்கள், தங்கள் சபையைத் தாங்களே தாங்கினார்கள்.

பிடி அரிசிக் காணிக்கை தென்னிந்தியச் சபைகள் பலவற்றில் இருந்த வழக்கம். அதன் பொருளை நன்றாக அறிந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903-ல் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். 1912-ல் தோர்ணக்கல் பேராயரானபோது, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. தெலுங்குச் சேரிகளின் நிலமற்ற கூலிகளே அவருடைய மந்தையில் பெரும்பகுதி. முதலில் படிக்கட்டும், தேறட்டும், பிறகு பொறுப்புக் கொடுக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. கொடுப்பதும் சாட்சி சொல்வதும் ஞானஸ்நானத் தண்ணீர் காய்வதற்கு முன்பே தொடங்கவேண்டும் என்று கற்பித்தார். 1910-ல் எடின்பரோ மாநாட்டில் மிஷனரிகளின் தியாகத்தை நன்றியோடு சொல்லிவிட்டு, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று கேட்டவரும் அவர்தான். அந்த மாநாட்டில் அதைச் சொல்லத் தைரியம் வேண்டும்.

தன்னைத்தானே தாங்கி, தன்னைத்தானே ஆண்டு, தன்னைத்தானே பரப்பும் சபையே முதிர்ந்த சபை என்று லண்டன் சர்ச் மிஷனரி சொசைட்டியின் (சிஎம்எஸ்) செயலாளர் ஹென்றி வென் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே எழுதிவிட்டார். நடைமுறையில் தாங்கும் பாரம் சீக்கிரம் வந்தது. ஆளும் அதிகாரம் தாமதமாக வந்தது. 1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியபோதும் ஆசிய, ஆப்பிரிக்கச் சபைகளுக்கு 'இளைய சபைகள்' என்றுதான் பெயர். அடுத்த ஆண்டு காஞ்சிபுரத்துக்கு வந்த ஸ்காட்லாந்து திருச்சபையின் மிஷனரி லெஸ்லி நியூபிகின், 1946 வரை இந்தச் சுற்றுவட்டாரக் கிராமச் சபைகளோடு வாழ்ந்தார். ராமகிருஷ்ண மடத்தில் தரையில் உட்கார்ந்து உபநிடதமும் யோவான் சுவிசேஷமும் சேர்ந்து படித்தார். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது 37 வயதில் மதுரைப் பேராயரானார். பிற்காலத்தில் உலகமெங்கும் அவர் சொன்னது, சுவிசேஷத்துக்கு விளக்கம் அதை நம்பி அதன்படி வாழும் சபையே என்பது. காஞ்சிபுரத்துக் கிராமங்களின் மணத்தை நான் அந்தச் சிந்தனையில் உணர்கிறேன்.

வயது ஏறினால் முதிர்ச்சி வந்துவிடும் என்பதற்கும் நம் வரலாறு இடம் கொடுக்கவில்லை. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழியவேண்டும் என்று கடிதம் எழுதியபோது, அதை எதிர்த்து விலகியவர்கள் தலைமுறை தலைமுறையாக வேதம் படித்த தஞ்சாவூர், வேப்பேரிக் கிறிஸ்தவர்கள். பெரும் புலவரான வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்காக வாதாடினார். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைப் பிரித்து நின்ற சுவரைக் கட்டியவர்களும் புதிதாகச் சேர்ந்தவர்கள் அல்ல. பாட்டும் பிரசங்கமும் பரம்பரையும் இருந்தும், ஒரே பாத்திரத்தில் குடிக்க முடியாத சபை இன்னும் பாலுண்ணும் குழந்தைதான்.

1892 ஆணைகளால் வந்த நிலத்தின் கதையும் முடியவில்லை. கை மாறிப்போன பஞ்சமி நிலத்தைக் கேட்டு மாமல்லபுரத்தை ஒட்டிய காரணை மக்கள் எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அவர்கள் பெயரைச் சொல்லி ஜெபிப்பது அரசியல் என்று நினைக்கும் ஆலயங்கள் உண்டு. பிறனுடைய பாரத்தைச் சுமக்கச் சொன்ன வேதத்தைப் படிக்கும் எனக்கு, அது ஜெபத்தின் பகுதிதான்.

இப்போது சோதனை நம் முறைக்கு வந்திருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என்று வயல்கள் கம்பெனிகளாகிவிட்டன. 2024-ல் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளருக்காகத் திறந்த ஒரே விடுதி வளாகத்தில் 18,720 பேர் தங்கலாம். கிருஷ்ணகிரியிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிள்ளைகள் இந்தப் பக்கம் வருகிறார்கள். நைட் ஷிப்ட் முடித்து நேராக ஆராதனைக்கு வந்த ஒரு பெண், "ஆன்ட்டி, நான் தூங்கிட்டா எழுப்பிடாதீங்க. பாட்டு காதுல விழுந்தா போதும்" என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைப் போன்றவர்களைப் பற்றிச் சபைகளில் பேசுவதைக் கேட்கிறேன்: ஒழுங்காக வருவதில்லை, சந்தா கட்டுவதில்லை, ஒப்பந்தம் முடிந்தால் போய்விடுவார்கள், எப்படி அங்கத்தினராகச் சேர்ப்பது? நம் பாட்டன்மாரிடம் கேட்ட அதே கேள்வி, இம்முறை நம் வாயிலிருந்து வருகிறது.

தேறின சபை எது என்று பிள்ளைகள் என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். கடைசியாக வந்தவரிடம் தகுதி கேட்காமல் பொறுப்புக் கொடுக்கிற சபை. கம்பெனிப் பெண்ணைக் கமிட்டியில் உட்காரவைத்து, அவள் ஷிப்டுக்கு ஏற்றபடி திருவிருந்து நேரத்தை மாற்றுகிற சபை. அவளுடைய கூலியையும் விடுதிச் சாப்பாட்டையும் ஜெபக் குறிப்பில் எழுதி, திங்கட்கிழமை அதற்காக ஆபீஸ் வாசலில் போய் நிற்கிற சபை. ஈக்காட்டுக்கும் செங்கல்பட்டுக்கும் கூட்டமாக நடந்து வந்த அந்த ஜனங்கள் கேட்டது இவ்வளவுதான். 130 வருஷம் கழித்தாவது, கேட்கிறவர்களுக்கு நாம் அதைக் கொடுக்க வேண்டும்.